பித்தளை வில்லைக்கு ஒரு துணி உறை

மொத வரியிலயே தப்பு சார். பதக்கம்னு போட்டிருக்கீங்க. பதக்கம்னா ஓடி ஜெயிச்சவனும் சண்டையில ஜெயிச்சவனும் மார்ல குத்திக்கிறது. நீங்க எனக்குக் குடுக்கப்போறது உள்ளங்கை அகலத்துல, வெல்வெட்டுப் பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு, அலமாரியை விட்டு எறங்கவே எறங்காத ஒரு ஜந்து. அதுக்குப் பேரு வில்லை. நினைவு வில்லைன்னு திருத்திக்கங்க. கோவிச்சுக்காதீங்க, நம்ம கோல்டு ஸ்டோரேஜ்ல என்னை அகராதின்னுதான் கூப்பிடுவாங்க. அந்த வார்த்தைக்கு உள்ள ரெண்டு அர்த்தத்துலயும்.

அந்த வாசக்கதவைச் சாத்த வேணாம் சார். தெறந்தே கெடக்கட்டும். தெருச் சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது. இந்த வீட்ல எந்தக் கதவுக்கும் தாப்பா கெடையாது, நானே கழட்டிட்டேன். குளிக்கிற ரூமுக்கும்தான். எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா பாட்டுப் பாடிக்கிட்டேதான் குளிக்கணும்னு என் வீட்டுக்காரி எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிப்பா. சிரிக்கிற மாதிரி திட்டுறது அது.

புரியுது, புரியுது. இந்தப் பாராட்டுத் தாள் இன்னிக்கே அச்சகத்துக்குப் போகணும். முப்பத்தோரு வருஷம் குளிரறை வாசல்ல காவல் இருந்தாரு, இவரு காலத்துல ஒரு விபத்து கெடையாது, வில்லைக்குத் துணி உறை கண்டுபிடிச்சாரு. எல்லாம் எழுதிட்டீங்க. அந்த உறை யோசனை எப்படி வந்துச்சுன்னு மூணு வரி சொல்லிட்டு, அடியில கையெழுத்துப் போட்டா கெளம்பிடுவீங்க. போடுறேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. தப்பு இருக்குற தாள்ல நான் கையெழுத்துப் போட்டதில்ல, அவ்வளவுதான். ஒரு தடவை போட்டிருக்கேன். அதை அப்புறம் பேசுவோம்.

டீ வருது. அவ காலையில இருந்து சந்தோஷமா இருக்கா. மேடைக்குன்னு எனக்கு ஒரு சட்டை தேய்ச்சு வச்சிருக்கா, அவளுக்கு ஒரு சேலை. எதுத்த வீட்டுக்கும் சொல்லியாச்சு, பக்கத்து வீட்டுக்கும் சொல்லியாச்சு, சண்டை போட்டுப் பேசாம இருந்த தங்கச்சிக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சு. அதனால கொஞ்சம் மெதுவாப் பேசுவோம்.

பாருங்க, ஆயுசு பூரா வில்லையை மேய்ச்சவனுக்கு வில்லையே பரிசு. வண்ணானுக்கு அழுக்குத்துணி பரிசு குடுத்த மாதிரி. அதனால அதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேச எனக்கு உரிமை இருக்கு.

வில்லைங்கறது பெரிய ஆளு சார். இல்லாத எடம் கெடையாது. என் வீட்டுக்காரி சங்கிலியில தொங்குறதும் அதுதான், அவ டாலர்னு சொல்லுவா. ஸ்டேஷன்ல மூட்டை தூக்குறவர் கையில கட்டியிருக்குறதும் அதுதான். அது இல்லேன்னா அவரு மூட்டையைத் தொட்டாத் திருடன், இருந்தா தொழிலாளி. நாய்க்கு வரி கட்டினா கழுத்துல ஒண்ணு மாட்டுறாங்க. அது இல்லாத நாயைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. ஆபீசர் ரூம் வாசல்ல நிக்கிற சேவகன் நெஞ்சில ஒண்ணு. அது பளபளன்னு இருந்தா ஆபீசர் பெரிய ஆளுன்னு அர்த்தம், சேவகன் இல்ல. பழைய பங்களாவுல மின்விசிறி தொங்குற எடத்துல சுண்ணாம்புல வட்டமா பூ வேலை பண்ணியிருப்பாங்க, அதையும் வில்லைன்னுதான் சொல்லணும். என் மச்சான் ஒருத்தன் குடியை விட்டு ஒரு வருஷம் ஆனதுக்கு, அந்த மாதிரி விட்டவங்க கூட்டத்துல ஒரு வில்லை குடுத்தாங்க. பாக்கெட்டுல கைய விட்டுத் தடவிக்கிட்டே இருப்பான். குடிக்கத் தோணுறப்பல்லாம் தடவணுமாம். அது தேஞ்சு வழவழன்னு ஆயிருச்சு, தலை எது பூ எதுன்னு தெரியல. அப்ப எத்தனை தடவை தோணியிருக்கும் பாருங்க.

இதெல்லாம் எங்க படிச்சேன்னா, அந்த வாசல்லதான். கதவு வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்தவனுக்கு என்ன வேலை? காலையில ஆள் உள்ள போவான், சாயங்காலம் வெளிய வருவான். நடுவுல லைப்ரரிப் புத்தகம். கலைக்களஞ்சியத்தையே ஒண்ணொண்ணா எடுத்து வந்து படிச்சு முடிச்சேன். அதுல ஒரு சங்கதி. ஒரு கடற்படைக்காரன் எதிரி ஊரை முற்றுகை போட்டான். ஜெயிச்ச மாதிரியே அவன் சொந்த ஊர்ல பேச்சு. அவசரக்காரனுங்க வெற்றி வில்லையையும் அடிச்சுட்டானுங்க. எதிரி முழங்கால் போட்டு வாளைக் குடுக்குற மாதிரி படம். கடைசியில பாத்தா இவன் தோத்துட்டுத் திரும்புறான். ஆனா வில்லை இருக்கு சார். இன்னிக்கும் அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த எதிரி இன்னமும் முழங்கால் போட்டுக்கிட்டுத்தான் இருக்கான். உலோகத்துல அடிச்சுட்டா அப்புறம் நடந்ததைப் பத்தி யாருக்கு அக்கறை.

சிரிக்கிறீங்க. நானும் அப்ப சிரிச்சேன்.

பட்டாளத்துக்காரன் கழுத்துல ரெண்டு வில்லை போடுவான், கவனிச்சிருக்கீங்களா? ரெண்டுலயும் ஒரே பேரு, ஒரே நம்பர். செத்தா ஒண்ணு ஒடம்போட போகும், ஒண்ணு ஆபீசுக்குப் போகும். நம்ம கம்பெனியில ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்தாங்க. அதுதான் கோளாறு.

நீங்க புதுசு, கார்டைக் காட்டினா பச்சை விளக்கு எரியிற காலத்துல சேர்ந்தவரு, அதனால சொல்றேன். குளிரறைக் கதவுக்குப் பக்கத்துல ஒரு பலகை. அறுபத்திரண்டு ஆணி. ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை, அதுல நம்பர். உள்ள போறவன் தன் வில்லையை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போகணும். வெளிய வந்தா ஆணியில திரும்ப மாட்டணும். அஞ்சரை மணிக்கு நான் பலகையைப் பாப்பேன். ஒரு ஆணி காலியா இருந்தா உள்ள ஆள் இருக்கான், பூட்டக் கூடாது. பலகை நெறைஞ்சிருந்தா எல்லாரும் வெளிய, பூட்டலாம். உள்ள எட்டிப் பாக்கணும்னு ரூல் கெடையாது. கதவைத் தெறந்து தெறந்து பாத்தா குளிர் போயிடும்ல. பலகையைப் பாத்தாப் போதும். அப்புறம் பூட்டுக் கம்பியை இழுத்து விட்டு, லைட்டை அணைச்சு, பெரிய காத்தாடியைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். ஒரு அடி கனம் அந்தக் கதவு. உள்ள ஆனை கத்தினாலும் வெளிய பூனைச் சத்தம் கேக்காது. உள்ளேருந்து அடிக்க ஒரு மணி உண்டு, பனி பிடிச்சு பாதி நாள் அடிக்காது. நானே மூணு தடவை எழுதிக் குடுத்திருக்கேன், எழுத்துப் பிழை இல்லாம.

நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. ஆள் உள்ளயா வெளியயான்னு ஆளைப் பாத்துச் சொல்றது இல்ல. வில்லையைப் பாத்துச் சொல்றது.

அங்க ஒருத்தரு இருந்தாரு. நாப்பத்தேழாம் நம்பர். வெண்ணெய்ப் பெட்டி அடுக்குறவரு. அவருக்கு வரேன்வரேன்னு பட்டப்பேரு. மத்தவங்க கதவைத் தெறந்து வெளிய வர்றப்ப, நேரமாச்சு வாப்பான்னு கூப்பிட்டா வரேன் வரேன்னு உள்ளேருந்து கொரல் வரும், ஆள் வராது. ஏன்னா கடைசி வரிசையில பெட்டியோட லேபிள் எல்லாம் ஒரே பக்கம் பாக்கணும் அவருக்கு. ஒண்ணு கோணலா இருந்தா எறக்கி, திருப்பி, மறுபடி ஏத்துவாரு. இருட்டுக்குள்ள இருக்குற வெண்ணெய் எந்தப் பக்கம் பாத்தா என்னய்யான்னு கேட்டா, காலையில வர்றவன் மனுஷன் இல்லியான்னு கேப்பாரு. எனக்கு அவரைப் பிடிக்கும். உங்களுக்குத் தெரியும் ஏன்னு, இப்பதானே மொத வரியைத் திருத்தினேன். சாப்பாட்டு வேளையில என் பக்கத்துல வந்து உக்காந்து, அகராதி, இன்னிக்கு என்ன எழுத்துன்னு கேப்பாரு. கலைக்களஞ்சியத்துல எது வரைக்கும் வந்திருக்கேன்னு கேக்குறதுதான் அது. ரெண்டு சங்கதி சொன்னா, நம்பாமயே ரசிப்பாரு.

ஆமா. அதே ஆளுதான். அந்தத் திருட்டுக் கேசு. ஓ, உங்க ஆபீஸ்ல இன்னும் அப்படித்தான் சொல்றாங்களா?

சொல்லுவாங்க, தாள்ல அப்படித்தானே இருக்கு. என் பத்தொம்பதாவது வருஷம் அது. காலையில நான்தான் கதவைத் தெறந்தேன். கதவோட ஒட்டி வெறைச்சுப்போய் உக்காந்திருந்தாரு. கையில ஒரு வெண்ணெய்ப் பெட்டி. மேனேஜர் வந்தாரு, பாதுகாப்பு அதிகாரி வந்தாரு. பலகையில நாப்பத்தேழு தொங்குது. அப்ப என்ன அர்த்தம்? சாயங்காலம் வெளிய வந்து வில்லையை மாட்டியிருக்காரு. மாட்டிட்டா வேலை முடிஞ்சுது, அவரு தொழிலாளி இல்ல, வெளியாள். வெளியாள் ஒருத்தன் நைசாத் திரும்ப உள்ள பூந்து வெண்ணெய் எடுக்கப் பாத்திருக்கான், மாட்டிக்கிட்டான். அதனால இது வேலையில நடந்த விபத்து இல்ல. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. ஒரு ஓட்டை கெடையாது. கையில பெட்டி வேற இருக்கே.

அந்தப் பெட்டியை நான் பாத்தேன் சார். ஒரு மூலை நசுங்கி உள்ள போயிருந்துச்சு. கல்லு மாதிரி உறைஞ்ச வெண்ணெய் அது, கீழ போட்டா தரைதான் ஒடையும். அது நசுங்கணும்னா எத்தனை தடவை எதுமேல அடிச்சிருக்கணும்? கதவுல உள்பக்கம் ஒரு எடத்துல பெயிண்டு போயிருந்துச்சு. நெஞ்சு ஒயரத்துல. அப்புறம் போகப் போக கீழ. திருடப் போனவன் பெட்டியைக் கதவுல எதுக்கு அடிக்கிறான்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல.

என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. அஞ்சரை மணிக்கு நாப்பத்தேழு பலகையில இருந்துச்சா? இருந்துச்சு சார்னேன். அது உண்மை. பொய் ஒரு எழுத்துகூட இல்ல. அதை டைப் அடிச்சு நீட்டினாங்க, படிச்சுப் பாத்தேன், ஒரு எழுத்துப் பிழை இருந்துச்சு, அதைத் திருத்திட்டுக் கையெழுத்துப் போட்டேன். சத்தியமாச் சொல்றேன், திருத்தினேன்.

மூணு நாள் கழிச்சு அவரு சம்சாரம் கம்பெனி கேட்டுக்கு வந்தாங்க. உள்ள விடல. நான் வெளிய வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க. அழல, சத்தம் போடல. அண்ணே, நீங்கதானே வாசல்ல இருந்தீங்க, அவரு வெளிய வந்ததை நீங்க பாத்தீங்களான்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வில்லை பலகையில இருந்துச்சும்மான்னேன். அவங்க கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தாங்க. நான் வில்லையைக் கேக்கல அண்ணேன்னாங்க. அப்புறம் போயிட்டாங்க. வெண்ணெய் திருடன் பொண்டாட்டின்னு பேரு ஆனப்புறம் அந்தத் தெருவுல எப்படி இருக்குறது? அதே மாசம் புள்ளைங்களோட வேற ஊருக்குப் போயிட்டாங்க. எந்த ஊருன்னு ரொம்ப வருஷமா எனக்குத் தெரியும். போனதில்ல.

இவ வர்றா. ம், வை, அந்த ஸ்டூல் மேல வை. சாருக்குச் சக்கரை கம்மியாத்தானே போட்ட? சரி சரி, சட்டையை அப்புறம் போட்டுப் பாக்குறேன். பேசிட்டிருக்கோம்ல, போ.

போயிட்டாளா? டீயைக் குடிங்க, ஆறிடும்.

உறையைக் கேட்டீங்க. பித்தளைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுழியத்துக்குக் கீழ இருபது டிகிரியில அதை வெறும் ஒடம்புல வச்சீங்கன்னா தோலோட ஒட்டிக்கும். பிய்ச்சா தோலும் வரும். மொத வருஷத்துலயே நாலஞ்சு பேருக்கு நெஞ்சுல வட்டமாத் தழும்பு, நம்பரோட. கோட்டு மேல போட்டுக்க வேண்டியதுதானேம்பீங்க. போட்டா பெட்டி இடுக்குல மாட்டி அறுந்து விழும், வில்லை தொலைஞ்சா ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால அவங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க. ரூல் புத்தகத்துல இல்லாத வழி. எல்லாருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாரு. உள்ள போறப்ப வில்லையைக் கழட்டி என் கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் சட்டைப் பையில போட்டு வச்சுக்குவேன். வெளிய வர வர, ஒவ்வொண்ணா எடுத்து நானே ஆணியில மாட்டிடுவேன்.

கணக்கா மாட்டுவேன் சார். பதினெட்டு வருஷம் ஒரு தப்பு வரல. கையை விட்டாலே எந்த நம்பர்னு வெரல் சொல்லும்.

அன்னிக்கு ஆறு பேரு உள்ள. என் பையில ஆறு வில்லை. நான் படிச்சிட்டிருந்தேன். என்ன படிச்சேன்னு இப்ப ஞாபகம் இல்ல, அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு மனுஷனை விட முக்கியமா இருந்த பக்கம் எதுன்னாவது ஞாபகம் இருக்கணும்ல? இல்ல. திரும்பப் போய் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பொரட்டிக்கூடப் பாத்தேன். அஞ்சு பேரும் கும்பலா சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. ஒருத்தர் என் தோளைத் தட்டிட்டு, என்ன அகராதி, வீட்டுக்குப் போற யோசனை இல்லியான்னாரு. நான் புத்தகத்துல இருந்து கண்ணை எடுக்கல. பையில கைய விட்டேன், இருந்ததை எல்லாம் அள்ளினேன், எந்திரிச்சு ஒண்ணொண்ணா மாட்டினேன். வெரலு நம்பரைச் சொல்லிச்சு. ஆணி நம்பரைச் சொல்லிச்சு. ஆளை யாரும் சொல்லல. நிமிந்து பாத்தேன், பலகை நெறைஞ்சிருந்துச்சு. கம்பியை இழுத்தேன்.

அந்த அஞ்சு பேருக்கும் தெரியும். விசாரணையில அஞ்சு பேரும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. வில்லையைக் கையில குடுத்தோம்னு சொன்னா அவங்க வேலையும் போயிடும்ல. நான் அவங்களைக் கொறை சொல்லல. நானும் அதே தரையைத்தான் பாத்தேன்.

அதுக்கப்புறந்தான் உறை. கம்பளித் துணியில சின்னதா, நம்பர் தெரியிற மாதிரி ஒரு பக்கம் ஓட்டை வச்சு, அறுபத்திரண்டு உறை. இவதான் தைச்சா, ஒரு வாரம் ஒக்காந்து. எதுக்குங்கன்னு கேட்டா. பாவம், குளிர்ல அவங்களுக்குத் தோல் போகுதுல்லன்னேன். எவ்வளவு நல்ல மனசு உங்களுக்குன்னா. ஒடனே நாப்பத்தேழுக்கு மட்டும் ஒரு பூ வேலை பண்ணட்டுமா, செத்துப்போனவரு நம்பர்தானேன்னு கேட்டா. வேணாம்னேன். உறை வந்தப்புறம் யாருக்கும் கழட்டிக் குடுக்க சாக்கு இல்ல. குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். கையைப் பின்னால கட்டிக்குவேன். அகராதிக்கு ரொம்ப ரூலுப்பான்னு பேசிக்கிட்டாங்க. பை வச்ச சட்டை தைக்கிறதையும் அன்னியோட விட்டேன். புது ஆள் ஒருத்தனுக்கு நாப்பத்தேழைக் குடுத்தாங்க. பன்னெண்டு வருஷம் தெனமும் சாயங்காலம் அவன் அதை மாட்டுறதைப் பாத்தேன். மாட்டினப்புறம் அவன் மூஞ்சியையும் ஒரு தடவை பாப்பேன். என்ன சார் என் மூஞ்சில எழுதியிருக்குன்னு கேப்பான்.

ஆச்சு, மூணு வரி கேட்டீங்க, முப்பது வரி சொல்லிட்டேன். உங்க தாள்ல இன்னும் ஒரு தப்பு இருக்கு, அதையும் முடிச்சிடுவோம். இந்தா, இந்த எடம். பதினோராயிரத்து முந்நூத்திப் பதினஞ்சு நாள் விபத்தே இல்லைன்னு போட்டிருக்கீங்க. முப்பத்தோரு வருஷத்தை முந்நூத்தி அறுபத்தஞ்சால பெருக்கியிருக்கீங்க. எட்டு லீப் வருஷத்தை விட்டுட்டீங்க. பதினோராயிரத்து முந்நூத்தி இருபத்து மூணு. எனக்குத் தெரியும் சார், கேட்டுல இருந்த விபத்தில்லா நாள் பலகையில தெனம் காலையில நம்பர் மாத்தினதும் நான்தான். கம்பெனி தெறந்த அன்னியில இருந்து.

அன்னிக்குக் காலையிலயும் மாத்தினேன். ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு. அதை மாட்டிட்டுத்தான் உள்ள போய் கதவைத் தெறந்தேன். மத்தியானம் விசாரணை முடிஞ்சு மேனேஜர்கிட்ட, பலகையை என்ன பண்ணட்டும்னு கேட்டேன். அப்படியே இருக்கட்டும்னாரு. மறுநாள் அஞ்சை எடுத்துட்டு ஆறு மாட்டினேன்.

அன்னிக்குப் பூஜ்யம் மாட்டியிருக்கணும். அதனால பதினோராயிரத்தை அடிங்க. நாலாயிரத்து நானூத்திப் பதினெட்டுன்னு எழுதுங்க. அடிச்சுட்டீங்களா? அதுக்குக் கீழ, துணி உறை எப்படி வந்துச்சுங்கற எடத்துல, நான் சொல்றதை எழுதுங்க. அன்று உள்ளே இருந்தவரின் வில்லையைப் பலகையில் மாட்டிக் கதவைப் பூட்டியவர் இவரே. அவரு திருடலைன்னு தனியா ஒரு வரி. அவ்வளவுதான், இதுல பிழை எதுவும் இல்ல. குடுங்க பேனாவை.

போட்டாச்சு. தேதியும் போட்டிருக்கேன்.

ஏய், அடுப்பை அணைச்சிட்டு இங்க வா. இப்படி வந்து உக்காரு. சார் அந்தத் தாளைப் படிக்கப் போறாரு.

மொதல்லேருந்து படிங்க சார். மெதுவாப் படிங்க.